பார்த்துக்கொண்டது யார்?

காலையில் கடை திறந்ததும் ஸ்டேப்ளர் பின் தேடி மேசை இழுப்பறையைத் துழாவினேன். கையில் வந்தது உன் பென்சில். ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். இரண்டு பக்கமும் பிளேடால் சீவிச் சீவி என் சுண்டுவிரல் நீளத்துக்கு வந்துவிட்டது. நடுவில் உன் பல் பதிந்த தடம். ஐம்பது வயதைத் தாண்டியும் பென்சிலைக் கடிக்கிற ஆளை உன்னைத் தவிர நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நாளைக்கு உனக்குப் பதினாறாம் நாள். காலையில் உன் மகள் மலர் கடைக்கு வந்திருந்தாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேராக அதற்கு வர எனக்குத் தைரியம் போதவில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியாததா?

திண்டிவனம் தாலுகா ஆபீஸ் எதிரில் ஒற்றை டைப்ரைட்டரோடு நாம் கடை போட்டபோது, இங்கிலீஷ் உனக்கு, தமிழ் எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்த ஏற்பாடு மாறவில்லை. நீ லீவு போட்ட நாட்களில் மட்டும் இங்கிலீஷும் என் தலையில் விழும். மறுநாள் நீ வந்ததும் முதல் வேலையாக நான் அடித்த காப்பியை எடுத்து வைத்துக்கொள்வாய். ‘செய்யப்பட்டது’ என்று ஆளை மறைக்கிற ‘வாஸ்’ எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் நீலத்தில் ஒரு சுழி. ஓரத்தில் சிவப்பில் ஒரே வார்த்தை: யாரு?

மனு எழுத வருகிறவர்கள் எல்லோரும் நடந்ததைச் சொல்வார்கள், செய்தது யாரென்று சொல்ல மாட்டார்கள். மனு நிராகரிக்கப்பட்டது, வேலி பிடுங்கப்பட்டது, தேதி தள்ளிப்போடப்பட்டது. நீ விடவே மாட்டாய். “யாரு தள்ளிப் போட்டாங்க? பேரு தெரியாதா? சரி, எந்த சீட்டுல உக்காந்துக்கினு இருந்தவரு?” என்று கேட்டு வாங்கி, கடைசியில் ‘இன்னாரால்’ என்று சொல்லும் ஒரு ‘பை’ போட்டு அந்த ஆளையும் வாக்கியத்துக்குள் கொண்டுவந்து உட்கார வைத்த பிறகுதான் பிரிண்ட் கொடுப்பாய். வெளியே வரிசை நீளும். எனக்கு எரிச்சலாக வரும். “யோவ், ஜல்தியா அடிச்சி குடுய்யா” என்பேன். காது கேட்காதவன் மாதிரி இருப்பாய்.

இன்னொரு விஷயத்திலும் உன்னிடம் மாட்டிக்கொள்வேன். இங்கிலீஷில் சில வினைச்சொற்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் அப், ஆஃப், ஆஃப்டர் எல்லாம் எனக்கு வீண் சுமையாகத் தெரியும். ‘வாஸ்’ போட்டு வாக்கியத்தைத் திருப்பும்போது அந்தக் குட்டிச் சொல்லைக் கழற்றி விட்டுவிடுவேன். ஒருமுறை வெளிநாடு போகும் பையனுக்கு, அத்தை வளர்த்தார் என்பதை ‘ஐ வாஸ் பிராட் பை மை ஆன்ட்’ என்று அடித்து வைத்திருந்தேன். நீ படித்துவிட்டு அந்தப் பையனையே கூப்பிட்டாய். “ஏம்பா, உன்ன அத்தை வளர்த்தாங்களா, இல்ல ஆட்டோல கூட்டிக்கினு வந்து வுட்டாங்களா?” அவன் முழித்தான். “வளர்த்தாங்க சார்.” “அப்ப ‘அப்’பு எங்கடா போச்சு?” என்று என் பக்கம் திரும்பினாய். வரிசையே சிரித்தது. இரண்டு நாள் நான் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவித்த மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்து, கடலையை என் கீபோர்டு மேலேயே வைத்தாய், பிறகு என்ன செய்வது.

இன்னார் பார்த்துக்கொண்டார் என்று சொல்ல வரும் ‘லுக்ட் ஆஃப்டர் பை’ என்பதில் ஆஃப்டரும் பையும் பக்கத்தில் பக்கத்தில் எப்படி வரும், ஏதாவது ஒன்றை எடுத்துவிடலாமே என்று நான் சண்டை போட்டதும் ஞாபகம் இருக்கிறது. “மூணு பேரு சீட்டுல அஞ்சு பேரு உக்காந்துக்கினு விழுப்புரம் போவல? அது மாதிரி உக்காரும், வுடு” என்றாய்.

மரக்காணம் பக்கத்திலிருந்து வந்த பெண் விஷயம்தான் எனக்கு மறக்கவே மறக்காது. வெளி மாநிலக் கல்லூரியில் நர்சிங் சீட்டு கிடைத்திருந்தது. சான்றிதழ்களோடு அனுப்பும் கடிதத்தை அடித்துத் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். இன்றைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரம் ஓட்டிவிட்டேன். சீட்டு ரத்தென்று பதில் வந்ததும் அவள் கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் அவசரமாக இன்னொரு கடிதம் அடித்தேன்: தவிர்க்க முடியாத காரணங்களால் கடிதம் தள்ளிப்போடப்பட்டது, ‘வாஸ் புட் ஆஃப்’. நீ சுழி கூடப் போடவில்லை. என் முகத்தைப் பார்த்து, “யாருடா?” என்றாய்.

“நான்தான்.”

“அப்ப அதப் போடு. கீழ கடை சீலு குத்து. நானும் கையெழுத்துப் போடறேன்.”

தப்பு எங்களுடையது, அந்தப் பெண்ணுடையது இல்லை என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். சீட்டு திரும்பக் கிடைத்தது. அன்றைக்கு நீ என்னைத் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். பக்கத்தில் உன் கையெழுத்தையும் போட்டாயே, அதை எப்படி மறப்பது?

சரி, இதற்கு மேல் சுற்ற வழியில்லை.

உனக்கு மூச்சு முட்டி விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நானும் மலரும் கூட இருந்தோம். உன் வீட்டுக்காரியும் உயிரோடு இல்லை, மலரும் ஆபீஸ் வேலைக்காகப் பெங்களூரு போய்த்தான் ஆகவேண்டும். “நாலு நாள்ல வந்துடறேன் சித்தப்பா, அப்பாவ பார்த்துக்கோங்க” என்றாள். “நீ போய்ட்டு வா கண்ணு, நான் இருக்கேன்” என்றேன். அன்று சாயங்காலம் வரை உன் பக்கத்தில் இருந்தேன். நீ மாஸ்க்குக்குள் ஏதோ சொல்ல வந்தாய், சத்தம் வரவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வரவில்லை. ஒரு நாள் பட்டா மனுக் கூட்டம். ஒரு நாள் பிரிண்டர் ரிப்பேர். இன்னொரு நாள் மழை. தினம் ஒரு காரணம் வைத்திருந்தேன். உண்மையான காரணம் ஒன்றே ஒன்றுதான்: பயந்துவிட்டேன். நீ பேச முடியாமல் கிடப்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஒரு மணி நேர பஸ், அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் விடிந்ததும் மலர் போன் செய்தாள். “சித்தப்பா, அப்பா போய்ட்டாராம், ஆஸ்பத்திரில இருந்து சொல்றாங்க. நீங்க பக்கத்துலதான இருக்கீங்க?” வீட்டுக் கொல்லையில் பல் துலக்கிக்கொண்டு நின்றவன் “ம்” என்றேன். அடுத்த பஸ்ஸைப் பிடித்து அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டேன். மத்தியானம் அவள் வந்தபோது நான் உன் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தேன். அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அதற்கு முன்பே பக்கத்துக் கட்டில் நோயாளியின் மனைவி என்னிடம் வந்திருந்தார். அஞ்சலை என்று பெயர், மேல்மலையனூரில் கோயில் தெருவில் தேங்காய் பழக் கடை. “நீங்கதான் டைப்பு கடைக்காரருங்களா? மறுநாளு பேச்சு வந்ததுல இருந்து உங்கள பத்தியேதான் பேசிக்கினு இருந்தாருங்க. கடையில கூட்டமா இருக்கும், வந்துடுவான்னு சொல்லிக்கினே இருந்தாரு.” சாப்பாடு யார் கொடுத்தது என்று கேட்டேன். “நாந்தாங்க. எங்க வூட்டுக்காரருக்கு ஆத்தற கஞ்சில ரெண்டு வாயி. நேத்து கேப்பைக் கூழு கேட்டாரு, கரைச்சிக் குடுத்தேன். முகம் தொடச்சி வுட்டேன்.” இதை நான் மலரிடம் சொல்லவில்லை.

இன்று காலை அவள், நாளைக்குப் படத்திறப்பில் கொடுக்க நினைவு அட்டை அடிக்க வந்தாள். தமிழில் ஒரு பக்கம், அவள் ஆபீஸ்காரர்களுக்காக இங்கிலீஷில் ஒரு பக்கம். “அப்பா உக்காந்த சிஸ்டத்துலயே அடிங்க சித்தப்பா” என்று தாளை நீட்டினாள். கடைசி வரியில் ‘லுக்ட் ஆஃப்டர் பை’ என்று எழுதி என் பெயரை எழுதியிருந்தாள். ஆஃப்டரும் பையும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. யாரு என்று கேட்க இடமே இல்லாமல் ஆள் பெயரும் இருந்தது.

“தினம் போன்ல கேப்பேன் சித்தப்பா, கூட யாரு இருக்காங்கன்னு. மாஸ்க்க எடுத்துட்டு, ‘நல்லா பார்த்துக்கறாங்கம்மா’ன்னு மட்டும் சொல்வாரு. நீங்கதான்னு எனக்குத் தெரியாதா?”

என்னால் அடிக்க முடியவில்லை. எத்தனை வருஷம் எத்தனை பேரை இந்தக் கடையில் நிறுத்தி யாரு, யாரு என்று குடைந்தவன் நீ! உன் மகளே கேட்டபோது ஆளைச் சொல்லாமல் ஒரு வாக்கியம் பேசியிருக்கிறாய். எனக்காக. நான் வருவேன், வந்தால் அந்த இடம் எனக்குக் காலியாக இருக்கட்டும் என்று வைத்திருந்தாயா?

“மலரு, நான் போவல” என்றேன். “மொத நாளோட சரி. நீ போன் பண்ணப்ப நான் வூட்ல இருந்தேன். பயந்துக்கினு தள்ளிப் போட்டுட்டேன் கண்ணு. நான்தான்.”

அவள் உன் நாற்காலியைப் பார்த்தாள். அழவில்லை, திட்டவும் இல்லை. பிறகு கேட்டாள்: “அப்ப யாரு சித்தப்பா?”

உன் குரலேதான்.

அஞ்சலையைப் பற்றிச் சொன்னேன், கேப்பைக் கூழ் வரைக்கும். அவள், நான் மேசைமேல் எடுத்து வைத்திருந்த உன் பென்சிலை எடுத்து, என் பெயரைச் சிவப்பில் அடித்துவிட்டு நீலத்தில் அந்தம்மா பெயரை எழுதினாள். “இத நேர்ல போயி குடுக்கணும். வழி தெரியுமா?”

“நான் கூட்டிக்கினு போறேன்.”

“எப்ப?” என்றாள். கேட்பாள்தானே.

“இன்னிக்கே” என்றேன்.

அட்டைகள் அடித்தாகிவிட்டது. மை காயட்டும் என்று பரப்பி வைத்துவிட்டு, அந்த இடைவெளியில்தான் உனக்கு இதை எழுதினேன். பென்சிலை என் சட்டைப் பையில் செருகியிருக்கிறேன், இனி அது அங்கேதான் இருக்கும். செஞ்சி வழியாகப் போகும் மேல்மலையனூர் பஸ் நாலு மணிக்கு. மலர் வாசலில் வந்து நிற்கிறாள். கிளம்புகிறேன்டா.