இருவரும் ஒரே ஆளா?

ஜூலை 13, ஞாயிறு

காலையிலேயே அம்மா போன். தம்பியின் போட்டோக்கள் சேர்ந்து சேர்ந்து அவன் கணக்கே நிரம்பிவிட்டதாம், மெயில்கூட வருவதில்லையாம். எல்லாவற்றையும் இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுத் தரவேண்டுமாம். என்னை விட்டால் ஆள் ஏது? கடுகு டப்பாவுக்கும் சீரக டப்பாவுக்கும் சீட்டு ஒட்டி வைத்திருப்பவள் நான்தானே.

கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள். ஆவணியில் பொள்ளாச்சிப் பக்கமிருந்து பெண் வீட்டார் வருகிறார்கள். "அவ மூஞ்சி ஒண்ணுலயும் இருக்கப்படாது கண்ணு. பாத்துப் பிரிச்சுப்போடு."

அவள் என்றால் லாஸ்யா. தம்பி கிருபாசங்கர் ஆசைப்பட்டுக் கட்டிய, கோபிப் பக்கத்து நாயுடு வீட்டுப் பெண். போன வருஷம் விவாகரத்து ஆனது. யார் பேரில் குற்றம் என்று சொந்தத்துக்குள் இன்னும் பட்டிமன்றம் ஓடுகிறது. தம்பி மட்டும் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. தொண்டாமுத்தூர் தோப்பே கதி என்று கிடக்கிறான்.

பாஸ்வேர்டு கேட்டேன். "எடுத்துக்கோக்கா" என்று அனுப்பிவிட்டான். எதற்கென்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலை 17, வியாழன்

படங்கள் இறங்கி முடிந்தன. ஒன்றுக்காவது மனிதர் வைக்கிற மாதிரி பேர் இருக்கிறதா! வெறும் எண்கள். வீட்டுக்காரர் ஆபீஸில் யாரையோ கேட்டு ஒரு புரோகிராம் வாங்கி வந்தார். முகம் பார்த்து அதுவே பிரிக்கும், அதுவே ஃபோல்டர் போடும், அதுவே பேரும் எழுதும். யார் முகம் என்று ஒரு தடவை சொன்னால் போதும். எல்லாப் படத்திலும் தம்பி நிற்பான் என்பதால், அவன் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்கள் ஃபோல்டரில் போடும்படி அமைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜூலை 19, சனி

தோப்புக்கு வந்த யானையைத் தம்பி படம் எடுத்திருக்கிறான். அதன் முகத்தையும் காட்டி, இவர் யார் என்று கேட்கிறது. விநாயகர் என்று போட்டேன்.

நடுநடுவே இரண்டு முகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'இருவரும் ஒரே ஆளா?' என்று கேட்கும். ஆமாம், இல்லை என்று இரண்டு பொத்தான். முதலில் நிதானமாகப் பார்த்துத்தான் அழுத்தினேன். அப்புறம் குக்கர் விசில், மகள் ஹர்ஷிணிக்கு டியூஷன் நேரம் — ஆமாம், ஆமாம், ஆமாம். எப்படியோ முடிந்தது.

ஜூலை 20, ஞாயிறு

லாஸ்யா ஃபோல்டரை அழித்துவிட்டேன். திறந்து பார்க்கவில்லை. பார்த்தால் கை வராது. தம்பியின் கணக்கையும் துடைத்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அரைகுறை வேலை எனக்கு ஆகாது.

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். எனக்குத்தான் என்னவோ சோறு இறங்கவில்லை.

ஜூலை 26, சனி

அம்மா இணைச்சீர் படம் கேட்கிறாள். பெரிதாக்கி ஆசாரத்துச் சுவரில், அதாவது முன்கூடத்தில், மாட்ட வேண்டுமாம். பெண் வீட்டார் உள்ளே வந்ததும் கண்ணில் பட வேண்டுமாம், சீரெல்லாம் முறைப்படி செய்த குடும்பம் என்று. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையோடு நிற்பது பெண் இல்லை, அவன் கூடப்பிறந்தவள். கூரைச்சேலையின் ஒரு முனை அவனிடம், மறு முனை அவள் கையில். தம்பி கல்யாணத்தில் லாஸ்யா இல்லாத படம் அது ஒன்றுதான் என்பது அம்மாவின் கணக்கு.

என் ஃபோல்டரில் தேடினேன். இல்லை. அம்மா ஃபோல்டரிலும் இல்லை. விநாயகரைக்கூடத் திறந்து பார்த்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. பட்டு, நெற்றிச்சுட்டி, கழுத்து நிறைய மாலை, பக்கத்தில் தம்பி. நானா லாஸ்யாவா என்று அதற்குச் சந்தேகம் வந்திருக்கிறது. கேட்டிருக்கிறது. ஆமாம் என்று சொன்னது நான். லாஸ்யா ஃபோல்டரோடு அதையும் சேர்த்து அழித்திருக்கிறேன். ஏண்டி, உம் மூஞ்சி உனக்கே தெரியலையா?

ஜூலை 28, திங்கள்

ஸ்டுடியோக்காரர் கைவிரித்துவிட்டார், பழைய கல்யாணங்களை வைத்திருப்பதில்லையாம். அச்சடித்த ஆல்பம் லாஸ்யாவின் பெட்டியோடு போய்விட்டது. டிஸ்க்கை காந்திபுரத்தில் ஒரு கடையில் காட்டினேன். அழித்த இடத்தில் ஹர்ஷிணியின் ஆண்டுவிழா வீடியோக்களை நானே ஏற்றி வைத்திருக்கிறேன் அல்லவா, போனது போனதுதான் என்றார் கடைக்காரர்.

தம்பியிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது?

ஜூலை 30, புதன்

சொல்லிவிட்டேன். தோப்புக்கே போய், நின்றபடியே சொன்னேன். சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தான். "எல்லாமேவா?" என்றான். எல்லாமே என்றேன். குழாயைக் கீழே வைத்தான்.

"சேரிங்க. அழிச்சதுதான் அழிச்சுபோட்டீங்க, ஒரு வார்த்தை என்னையக் கேட்டிருக்கலாமுங்க."

இந்த ஊரில் கன்றுக்குட்டிக்கும் 'ங்க' போடுவார்கள், ஆனால் இவன் எனக்குப் போட்டதில்லை. பேச்சு வந்த நாளிலிருந்து நீ, வா, போ என்றுதான். மனசு விட்டுப்போனவர்களுக்குத்தான் இவனிடம் மரியாதை கிடைக்கும். கடைசி மாதங்களில் லாஸ்யாவிடமும் வாங்க போங்க என்றுதான் பேசினான்.

கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம், பாவி. பஸ்ஸில் வரும்போது அழுதேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடி நோம்பி, பதினெட்டாம் பெருக்கு. எனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து தம்பிதான் வந்து அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போவான். இன்று போனில், வேலை இருக்குதுங்க, நீங்களே பஸ் ஏறி வந்துருங்க என்றான். போகவில்லை. அடுப்பும் பற்றவைக்கவில்லை. வீட்டுக்காரர் புரோட்டா வாங்கி வந்தார்.

ஆகஸ்ட் 6, புதன்

லாஸ்யாவிடம் கேட்கலாமா? எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு?

ஆகஸ்ட் 9, சனி

கேட்டேன். எடுப்பாள் என்றே நினைக்கவில்லை. "சொல்லுங்க நங்கையா" என்றாள். புருஷனின் அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவது. அவள் வீட்டுத் தெலுங்கில் வதினா. கல்யாணத்தன்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இன்னும் மாற்றவில்லை.

மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், அவள் படங்களை அழித்தது உட்பட. கேட்டு முடித்துவிட்டு மெதுவாகப் பேசினாள்.

"எம் போன்ல படம் பிரிக்கறப்ப எங்கிட்டயும் அது கேட்டுச்சுங்க, நம்ம ரெண்டு பேரும் ஒரே ஆளான்னு. இல்லைன்னு அழுத்துனேன். அந்தச் சீர்ப் படங்களை அனுப்பறேனுங்க. மத்ததை உங்களுக்குத் தரமாட்டேன். அவரு கேட்டா அவருக்குத் தாரேன்."

சுருக்கென்று தைத்தது. அவனைக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

லிங்க் வந்தது. ஃபோல்டரின் பேர்: நங்கையா.

சேலை முனையை என்னமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் தம்பிக்கு எழுதினேன். கடைசியில் மன்னிச்சுரு என்றும் எழுதினேன். 'சேரிங்க' என்று பதில் வந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அம்மா போனில் குதிக்கிறாள். பொள்ளாச்சிக்காரர்களுக்குத் தம்பியே போன் போட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். நான்தான் ஏதோ தூபம் போட்டேனாம். இருக்கட்டும். இணைச்சீர் படம் வேண்டுமா என்று கேட்டேன். இனி யாருக்குக் காட்ட என்று வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மத்தியானம் வாசலில் வண்டிச் சத்தம். தம்பி. சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறான். பை நிறைய இளநீர். ராத்திரி யானை வந்து நாலைந்து தென்னங்கன்றுகளை மிதித்துவிட்டது என்றான், சுவரைப் பார்த்து.

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தான். அந்த ஹார்ட் டிஸ்க்கில் இதையும் போட வேண்டுமாம். கணினி முன்னால் அவனே உட்கார்ந்தான். புரோகிராம் ஓடியது, முகங்கள் வந்தன. நான் அடுப்படி நிலையிலேயே நின்றுகொண்டேன். 'இருவரும் ஒரே ஆளா?' என்று திரையில் வந்தது இங்கிருந்தே தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இல்லை என்பதை அழுத்தினான்.

லாஸ்யா என்று மறுபடி ஒரு ஃபோல்டர் முளைத்தது. அதற்குள் எத்தனை இருக்கிறது, என்ன இருக்கிறது, அவளிடம் இவன் என்ன பேசினான் — நான் கேட்கவில்லை. டிஸ்க்கை அவன் கையிலேயே கொடுத்தேன்.

வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"அக்கா, தண்ணி குடு."

குடுங்க இல்லை. குடு.

சொம்பை நிரப்பிக்கொண்டு வந்தேன், பாதி வழியிலேயே சிந்திவிட்டது.