வரிசையில் நிற்காத தக்காளி

தா நாங் துறை, தாய்லாந்துக் கரை
12 அக்டோபர் 2002

அன்புள்ள சியாவ் புவாலிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். இங்கே நின்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தால் உன் வீட்டுக் கூரை தெரிகிறது. உங்கள் அடுப்புப் புகையைப் பார்த்தே நீங்கள் சாப்பிட்டாயிற்றா என்று சொல்லிவிடுவேன். நடுவில் மேகாங் ஆறு மட்டும் இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை.

படகுக்காரர் கம்சிங் அண்ணன் இதோடு மூன்று பொட்டலம் தருவார். தக்காளி விதை. சாஸ் தொழிற்சாலைக்குக் காய் சேர்த்துக் கொடுக்கும் வேலை இந்த வருடம் எனக்குக் கிடைத்திருக்கிறது. வெள்ளம் வடிந்ததும் உன் ஆற்றங்கரை வண்டல் முழுவதும் இதையே போடு. ஒரு மூலையில்கூட வேறு பயிர் வேண்டாம். விளைவதில் ஒன்று விடாமல் நான் எடுத்துக்கொள்கிறேன். இது உன் சியாவின் சொல்.

மார்ச் மாதம் இந்தக் கரையில் மேடை போட்டு, அங்கிருந்து முப்பது பெண்கள், இங்கிருந்து முப்பது பெண்கள் என்று ஜோடி சேர்த்து நூல் கட்டவைத்தார்களே, அந்த அதிகாரி ஒலிபெருக்கியில் சொன்னது நினைவிருக்கிறதா? "ஒரே வருஷத்துல பொறந்தவங்க மணிக்கட்டுல நூல் கட்டிக்கிட்டா சாகறவரைக்கும் சியாவ். சியாவுக்குக் குடுத்த சொல்லு தப்பக்கூடாது. ரெண்டு நாடும் அப்படித்தான் இருக்கணும்." படம் எடுத்து முடிந்ததும் அவர் குளிரூட்டிய காரில் ஏறிப் போய்விட்டார். முடிச்சு நம்மிடம் இருக்கிறது.

இன்னொரு நல்ல செய்தி. இரண்டு பக்கமும் ஏதோ ஒப்பந்தம் எழுதிவிட்டார்களாம். இப்போது செவ்வாயும் வெள்ளியும்தானே துறை திறக்கிறது? ஜனவரி முதல் தினமும் திறப்பார்கள். இனி நம் காட்டில் மழைதான்.

உன் சியாவ்,
பிக்குன்

—

ஹாட் கம், லாவோஸ் கரை
20 டிசம்பர் 2002

அன்புச் சியாவுக்கு,

கம்சிங் அண்ணனிடம் உலர்ந்த ஆற்றுப்பாசி ஒரு கட்டு கொடுத்திருக்கிறேன். எள் தூவிச் சுட்டுத் தின்னு. பாதியை அவரே வழியில் தின்றுவிட்டால் நான் பொறுப்பில்லை.

நீ சொன்னபடியே செய்தேன். பீன்ஸ் பந்தலைப் பிரித்துப் போட்டேன். புகையிலை நாற்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். என் கூடப்பிறந்த அண்ணன் வந்து மண்ணைக் கொத்திக் கொடுத்தான். இப்போது நீர்விளிம்பு வரை தக்காளிதான், பூத்து நிற்கிறது. காலையும் மாலையும் நூற்றுப்பத்து முறை ஆற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறேன். தோள் காய்ப்புக் காய்த்துவிட்டது.

என் வீட்டுக்காரர் வோங் கரைமேல் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார். "பீன்ஸ் போட்டிருந்தா நாமளாவது தின்னிருக்கலாம். இம்புட்டுத் தக்காளிய யாரு திங்கறது? எருமையா?" என்றார். "என் சியாவ் எடுத்துக்குவா" என்றேன். "கையில நூலக் கட்டுனவ நாளைக்குத் தலையில துண்டப் போடாம இருந்தா சரி" என்று முணுமுணுத்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு ஒரு தாய்லாந்துக்காரியும் சியாவாக அமையவில்லை என்ற வயிற்றெரிச்சல்.

ஜனவரிக் கடைசியில் முதல் பறிப்பு. கூடைகள் பின்னத் தொடங்கிவிட்டேன்.

உன் சியாவ்,
புவாலி

—

தா நாங் துறை
24 ஜனவரி 2003

அன்புச் சியாவுக்கு,

எரிச்சலில் எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஒன்பதாம் தேதி ரிப்பன் வெட்டித் துறையைத் திறந்தார்கள். உங்கள் பக்கத்து அதிகாரியும் எங்கள் பக்கத்து அதிகாரியும் ஒரே கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு வெட்டினார்கள். துறை தினமும் திறந்திருப்பது உண்மைதான். ஆனால் முன்பு என்ன நடக்கும்? காவல்காரர் கூடையை எட்டிப் பார்ப்பார், ஒரு கொய்யாவை எடுத்துக் கடிப்பார், போ என்று கையை அசைப்பார். இப்போது அங்கே கண்ணாடி அறையும் அதற்குள் ஒரு தம்பியும்.

"தக்காளிக்குப் பூச்சிமருந்து இல்லேன்னு சான்று வேணும் அக்கா. மாதிரிய நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்பணும். பதினஞ்சு வேலை நாள்."

"பழுத்த தக்காளி எத்தனை நாள் தாங்கும்னு தெரியுமா தம்பி?"

"அது எங்க பிரிவுல வராது. தினமும் திறந்திருக்கோமே, அதச் சொல்லுங்க."

"தொறந்துதான் இருக்கு. உள்ள நுழையத்தான் முடியல."

முதலில் பழுத்ததைப் பறித்து நீ அனுப்பிய மாதிரிக் கூடையை, வந்த அன்றைக்கே ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டேன். நான்கு முறை போய்க் கேட்டாயிற்று. ஒவ்வொரு முறையும் நட்புறவுச் சின்னம் போட்ட காகிதக் குவளையில் தண்ணீர் கொடுத்து உட்காரவைக்கிறார்கள். பறிப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா? கேட்கும்போதே எனக்குத் தெரிகிறது, பைத்தியக்காரக் கேள்வி. இருந்தாலும் கேட்கிறேன்.

உன் சியாவ்,
பிக்குன்

—

ஹாட் கம்
11 பிப்ரவரி 2003

பிக்குனுக்கு,

தள்ளிப்போட்டேன். செடி கேட்கவில்லை.

நாற்பது கூடைகளைத் துறையில் இறக்கி ஐந்து நாள் காத்திருந்தேன். எங்கள் துறை அதிகாரியிடம் போனால், "அந்தக் கரைத் தாளு வந்தாத்தான் இந்தக் கரை முத்திரை" என்கிறார். அந்தக் கரையில் என்ன சொல்கிறார்கள் என்று கம்சிங் அண்ணனைக் கேட்கச் சொன்னேன். இந்தக் கரை முத்திரை இருந்தால்தான் அந்தக் கரைத் தாளாம். அண்ணன் துடுப்பைப் படகில் போட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் அடிக்கூடைகளில் சாறு கசிந்து படிக்கட்டில் ஓடியது. ஐந்தாம் நாள், துறை நாறுகிறது, எடுத்துப் போ என்றார்கள். எடுத்து வந்து கொட்டினேன். எருமைகள் தின்கின்றன. வோங் சொன்னது அப்படியே நடந்தது. ஆனால் அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்காட்டவில்லை, எழுந்து வந்து கூடைகளைக் கழுவிக் கவிழ்த்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான்காம் நாள் எதிர்க்கரையில் உன் நீலக் குடையைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் நின்றாய். பிறகு போய்விட்டாய். படகில் வந்தால் அரைமணி நேரம். கூடைகளுக்குத்தானே தாள் கேட்கிறார்கள், உனக்குக் கேட்கிறார்களா?

மார்ச் ஐந்தாம் தேதி நட்பு விழாவின் முதலாண்டாம். போன வருடம் உடுத்திய அதே பாவாடையில் வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். நான் வரப்போவதில்லை.

புவாலி

—

தா நாங் துறை
15 பிப்ரவரி 2003

புவாலிக்கு,

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஆற்றைக் குடித்து வழி விட்டிருக்க வேண்டுமா? தாளும் முத்திரையும் என் முந்தானையிலா முடிந்திருக்கின்றன? உன் தக்காளியை நம்பித் தொழிற்சாலைக்குச் சொல் கொடுத்தேன். காய் வரவில்லை. அந்த வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். அது உனக்குத் தெரியுமா? கேட்டாயா?

சும்மா சியாவ் சியாவ் என்று என் கழுத்தில் நூலை இறுக்காதே. அது அதிகாரிகள் படம் எடுக்க நடத்திய கூத்து. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிக்குன்

—

ஹாட் கம்
20 பிப்ரவரி 2003

பிக்குனுக்கு,

கூத்து என்றாய். சரியாகத்தான் சொன்னாய். உனக்குத் தெரியாத மீதியை நான் சொல்லிவிடுகிறேன்.

உனக்கு ஜோடியாக வரவேண்டியவள் எங்கள் ஊர் பூன்மா. பன்னிரண்டு விலங்கு வருடங்களில் அவள்தான் உன்னைப் போலக் குதிரை வருடத்தில் பிறந்தவள். விழா அன்று அவள் மகளுக்கு இடுப்பு வலி கண்டது. ஊர்த்தலைவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "முப்பது பேருன்னு எழுதிக் குடுத்துட்டேன், இருபத்தொம்பதா போனா மானம் போயிரும். கேட்டா குதிரை வருஷம்னு சொல்லிரு" என்றார். சொன்னேன். நான் ஆட்டு வருடம். உன்னைவிட ஒரு வயது இளையவள்.

ஆகவே நான் உன் சியாவே இல்லை. அந்த முடிச்சு முதல் நாளிலிருந்தே செல்லாது. நீ சொல் தவறியவளும் இல்லை, உனக்குப் பாவமும் இல்லை. நிம்மதியாக இரு.

நூலை ஒரு வருடமாக அவிழ்க்காமல் வைத்திருந்தேன். குளிக்கும்போதும் நனையாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். இன்று அவிழ்த்துவிட்டேன். இதோடு வைத்திருக்கிறேன். உரியவளுக்குக் கொடு.

புவாலி

—

தா நாங் துறை
6 மார்ச் 2003

அன்புள்ள புவாலிக்கு,

முதலில் விழாவைச் சொல்லிவிடுகிறேன். போயிருந்தேன். எனக்குப் பக்கத்தில் உன் பெயர் ஒட்டிய நாற்காலி காலியாக இருந்தது. அதே அதிகாரி வந்தார்.

"உங்க ஜோடி எங்கம்மா?"

"தோட்டத்துல அழுகின தக்காளிய வாரிக்கிட்டு இருக்கா."

"சரி, படத்துக்கு நேரமாச்சு. வேற ஒருத்தரப் பக்கத்துல உக்காரவைக்கிறோம்."

"எனக்கு ஆள் இருக்கு ஐயா. அவ தக்காளி துறையைத் தாண்டத்தான் உங்க தாளு வரல."

அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் எழுந்து வந்துவிட்டேன். படத்தில் இருபத்தெட்டு ஜோடிதான் இருக்கும். இன்னொருத்திக்கும் இதே கதையாம், அவளுடையது முட்டைக்கோஸ்.

வீட்டுக்கு வந்தால் ஆய்வகத்திலிருந்து சான்று வந்து கிடக்கிறது. உன் தக்காளியில் எந்த விஷமும் இல்லையாம். மிகத் தரமானதாம். நான்கு முத்திரை குத்தியிருக்கிறார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன் புவாலி, வெட்கமாக இருக்கிறது.

இப்போது உன் ஆட்டு வருடத்துக்கு வருகிறேன். அது எனக்குத் தெரியும். மேடையில் அதிகாரிகள் வரத் தாமதமாகி வெயிலில் உட்கார்ந்திருந்தபோது நீ பேச்சுவாக்கில் சொன்னாய்: "எங்க அண்ணன் குதிரை வருஷம். அடுத்த வருஷமே நான் வந்துட்டேன், அம்மாவுக்கு மூச்சு விட நேரமில்ல." நான் திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ சொன்னது உனக்கே உறைக்கவில்லை, விசிறிக்கொண்டிருந்தாய். எழுந்து போய் அதிகாரியிடம் சொல்லியிருக்கலாம். பிறகு உன் விசிறியைப் பாதி என் பக்கம் திருப்பினாய். நான் பேசாமல் கையை நீட்டினேன். தெரிந்தேதான் கட்டிக்கொண்டேன். ஆகவே செல்லாத முடிச்சு என்று சொல்லி நீ இந்த வழியாக வெளியே போக முடியாது. எனக்கும் கூத்து என்று சொல்லிப் போக முடியாது. சொன்னதற்கு என் நாக்கைச் சுட வேண்டும்.

அந்த நான்காம் நாள் வந்திருக்க வேண்டும். தாள் இல்லாமல் உன் முகத்தில் விழிக்கப் பயந்தேன். அதுதான் உண்மை, வேறு காரணம் இல்லை.

வெள்ளிக்கிழமை கம்சிங் அண்ணன் படகில் வருகிறேன். வோங்கிடம் சொல், திட்டுவதற்கு வேண்டிய வார்த்தைகளைச் சேர்த்து வைக்கட்டும், ஒரு நாள் முழுக்க இருப்பேன். அழுகாமல் நிற்கும் செடிகள் இருந்தால் நானும் கூடப் பறிக்கிறேன், உப்பிட்டுக் காயவைப்போம். அடுத்த வருடத்துக்கு வேர்க்கடலை விதை கேட்டிருக்கிறேன். பதினைந்து நாளென்ன, நான்கு மாதம் போட்டாலும் வரிசையில் நிற்கும். அவர்கள் மாறமாட்டார்கள், நாம் பயிரை மாற்றுவோம்.

நீ அனுப்பிய நூலை இதில் வைத்து அனுப்பவில்லை. நானே எடுத்து வருகிறேன். கையை நீட்டுவதும் நீட்டாததும் உன் இஷ்டம்.

உன் சியாவ்,
பிக்குன்