இரண்டையும் சேர்த்தே சோதிக்கிறேன்

இன்று மதியம் டேக்கா உணவங்காடியில் காலி மேசை ஒன்றைக் கண்டு நெருங்கினேன். நடுவில் யாரோ வைத்துவிட்டுப் போன டிஷ்யூ பாக்கெட். இந்த ஊரில் அதற்கு, இடம் பிடித்தாகிவிட்டது என்று அர்த்தம். தட்டோடு நின்றபோது உன் குரல் நினைவில் எழுந்தது.

புக்கிட் பாத்தோக்கில் உங்கள் வீட்டில் உன் அம்மா ஒருநாள் உன்னிடம் கேட்டார், “ரெண்டு பேரும் லேப்ல அப்படி என்னதான்டி பண்றீங்க?”

“புற்றுச்செல் மேல ஏற்பின்னு ஒண்ணு இருக்கும்மா, மேசை மாதிரி. வளர்ச்சிக் காரணி வந்து அதுல உக்காந்தா செல் வளரும். மருந்து முன்னாடியே போய் டிஷ்யூ பாக்கெட் போட்டு எடத்தப் பிடிச்சிரும்.”

“அதத் தள்ளிட்டு வேற யாராச்சும் உக்காந்தா?”

“அதத்தாம்மா பாக்குறோம் லா” என்றாய், உன் வழக்கமான ‘லா’வோடு.

ஒரே ஏற்பிக்குப் பல வளர்ச்சிக் காரணிகள் போட்டியிடுகின்றன. ஒன்று இறுக்கமாக ஒட்டும். செல் அந்த ஏற்பியை உள்ளிழுத்து அழித்துவிடும், வளர்ச்சி ஆணையும் அத்தோடு நிற்கும். இன்னொன்று லேசாகவே ஒட்டும். உள்ளே போனதும் கழன்றுகொள்ளும். ஏற்பி பிழைத்து மறுபடி மேலே வரும், ஆணை நீண்டுகொண்டே போகும். முதலாவதை மட்டும் சேர்த்துச் செல் வளர்த்த தட்டுகளில் நம் மருந்து வென்றது. இரண்டையும் சேர்த்தவற்றில் செல்கள் செழித்தன. வேறு செல்கள் கலந்திருக்கும் என்றேன் நான்.

“கலப்படம்லாம் இல்ல லா. ஒண்ண மட்டும் பாத்துட்டு ஜெயிச்சிட்டோம்னு நெனச்சிருக்கோம்” என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து மறுபடி செய்தாய். அதே முடிவுதான் வந்தது.

அந்த வருடமே உனக்குப் பெருங்குடலில் புற்று. மருத்துவர்கள் உனக்குத் தந்ததும் அதே வகை மருந்து. கட்டி சுருங்கியது, பாசிர் ரிஸ் கடற்கரையில் என்னைவிட வேகமாக நடந்தாய். பிறகு அது திரும்பி வந்தது. உன் உடம்பில் மருந்தின் இடத்தைப் பறித்தது எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுத மாட்டேன். உனக்கு அது பிடிக்காது.

மருத்துவமனையில் உன் கட்டிலருகே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“அழத்தான் வந்தியா? ரெண்டையும் சேத்தது என்னாச்சு, சொல்லு.”

“செல் வளந்துக்கிட்டேதான் இருக்கு.”

“அப்ப அத விட்டுறாத. நல்லா வர்றத மட்டும் காட்டினா, நாளைக்கு மருந்து போட்டுக்குறவங்களுக்கு யாரு பதில் சொல்றது?”

அதைச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தபடி தூங்கிப்போனாய். அந்த வாரக் கடைசியில் நீ இல்லை.

போன வாரக் கூட்டத்தில் ஆய்வகத் தலைவர், இரண்டாவது காரணியை விட்டுவிட்டால் ஆய்வுக் கட்டுரை தெளிவாக இருக்கும் என்றார். மறுத்துப் பேசுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். இருந்தும் எழுந்தேன். நீ செய்த சோதனையையும், அதன்பின் நான் செய்தவற்றையும் ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினேன். நோயாளியின் உடம்பில் ஒரு காரணி மட்டும் தனியாக இருப்பதில்லை என்றேன். அவர் அந்தப் படங்களை மறுபடி ஒவ்வொன்றாகப் போடச் சொல்லிப் பார்த்தார். கடைசியில், சரி, சேர்த்தே செய்யுங்கள் என்றார்.

வேறு நோயாளிகள் மனமுவந்து தந்த செல்கள் இப்போது என் பொறுப்பில் வளர்கின்றன. இரண்டு காரணிகளையும் ஒருசேரத் தடுக்க முடியுமா என்று பார்க்கப்போகிறேன். முடியாமலும் போகலாம். அப்படியானால் அதையும் மறைக்காமல் எழுதுவேன். உன் பிடிவாதம் முழுக்க என்னிடம் வந்துவிட்டது; அதை நான் யாருக்காகவும் இறக்கிவைக்கப் போவதில்லை.