கலைமதி நடந்த வழியில் மூன்று கேலரி

வடக்குப்பட்டு,
ஞாயிறு காலை

அன்பு மகள் கலைமதிக்கு அம்மா ராஜாமணி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம், கால்வலியைத் தவிர வேறு குறை இல்லை, அதுவும் சந்தோஷக் கால்வலிதான். ஜெர்மனிக் குளிரில் சளி இருமல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நீயும் நன்றாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதி வடகப் பார்சலுக்குள் வைக்கிறேன். நேற்று நாங்கள் போய்விட்டு வந்தோமடி! நுங்கம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, நீ வரைந்து அனுப்பிய வழியிலேயே மூன்று கேலரியும் நடந்து பார்த்துவிட்டோம்.

ஒரகடம் கம்பெனியில் இருந்தபோது மாதம் ஒரு சனிக்கிழமை ஓ.டி. என்று சொல்லிவிட்டு இந்த வழியில்தான் நடந்தேன் என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது நிஜம். ஆனால் நீ போட்டிருந்த கோடுகளையும் அம்புக்குறிகளையும் பார்க்கப் பார்க்கப் போய்ப் பார்க்கணும் என்று ஆசை வந்துவிட்டது. மாடி அறையில் குடியிருக்கும் செல்லக்கனி அதைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாதா, நீ வேலையை விட்டுவிட்டு ஓவியம் படிக்கப் போனதிலிருந்து இரண்டு வருஷமாக உன் போனைக் கையில் வாங்காதவர். நான் தனியாகப் போகிறேன் என்றேன். "ஒண்டியா போயி எங்கனா வழி தெரியாம நின்னுகினு இருப்பே, உனக்காகத்தான் வர்றேன், அவளுக்காக இல்ல" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதல் கேலரியில் கண்ணாடிக் கதவையும் வாட்ச்மேனையும் பார்த்து வெளியிலேயே பத்து நிமிஷம் நின்றோம். கதவைத் தள்ளு, டிக்கெட் கிடையாது என்று நீ ஓரத்தில் எழுதியிருந்ததை அப்பாவுக்குப் படித்துக் காட்டிவிட்டுத் தள்ளினேன். உள்ளே சுவர் அகலத்துக்கு ஒரே வெள்ளைப் படம். "இன்னாமே, பெயிண்ட் அடிக்காம ப்ரைமர் மட்டும் அடிச்சிட்டு வுட்டுட்டாங்களா" என்றார், எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் நான் அடுத்த படத்துக்குப் போன பிறகு அவரே கையைத் தட்டிக் கூப்பிட்டார், கிட்டப் போய்ப் பார்த்தால் வெள்ளைக்குள் வெள்ளையாக மெல்லிசுக் கோடுகள், மழை இறங்குகிற மாதிரி.

இரண்டாவது இடத்தில்தான் வேடிக்கை. கூரையிலிருந்து கட்டுக் கட்டாக வயர் தொங்கவிட்டு ஆலமரம் மாதிரி செய்திருந்தார்கள். பதினோரு வருஷமாக நான் கார் வயர் கட்டுகிற லைனில் நிற்கிறவள், என் கண் சும்மா இருக்குமா, ஒரு கிளையில் டேப் பிரிந்து தொங்குவதைப் பார்த்துவிட்டேன். அங்கிருந்த பெண்ணிடம் சொன்னதும் பின்னாலிருந்து ஓர் இளம் பெண் வந்தாள், பெயர் தென்றலாம், அவள்தான் செய்தவள். "டேப்பைச் சுத்தறப்ப பாதி மேல பாதி ஏறி வரணும்மா, அப்பதான் நிக்கும்" என்றேன். நீங்களே கட்டிக் காட்டுங்கள் என்று ஸ்டூலைப் போட்டாள். அப்பா ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள நான் ஏறிக் கட்டினேன் கலை! இறங்கியதும் தென்றல் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

மூன்றாவது கேலரியில் சரோஜா என்று ஒரு அம்மா இருக்கிறார். நாங்கள் ஒரகடம் பக்கம் என்றதும், நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி யூனிஃபார்மோடு ஒரு பெண் வருவாள், தூக்கம் சொக்கும், உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டாள், ஒரே படத்தின் முன்னால் ஒரு மணி நேரம் நிற்பாள், அவளைத் தெரியுமா என்று கேட்டார். அந்தச் சனிக்கிழமைகளில் நீ லேட்டாக வந்ததற்கு அப்பா வாசலிலேயே நிற்க வைத்து உன்னைக் கேட்ட கேள்வியெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. அப்பாதான் பேசினார். "எந்தப் படம்மா அது?" என்றார். அது விற்றுப்போயிற்றாம், மாட்டியிருந்த இடத்தை மட்டும் காட்டினார்கள். அப்பா அங்கே போய் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கூப்பிடவில்லை. ரொம்ப நேரம் கழித்து வந்து, வருகிறவர்கள் எழுதுகிற நோட்டை வாங்கி, தசரதன், கலைமதியின் அப்பா என்று எழுதினார். "நின்னுகினே இருந்துச்சாமே, புள்ள" என்று ரயிலில் இரண்டு முறை சொன்னார்.

பொய் மட்டும் இனி வேண்டாம் கண்ணு, எங்கே போனாலும் சொல்லிவிட்டுப் போ. வடகத்தை நமுத்துப்போக விடாதே, தலைக்கு எண்ணெய் வை. மணிமங்கலம் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்கிறேன், நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். அப்பா பேனாவைக் கேட்கிறார், கொடுக்கிறேன்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ராஜாமணி

கலை, அங்க நீ எங்கெங்க நடந்து போயி பாக்கறியோ அந்த வழியையும் ஒண்ணு வரைஞ்சி அனுப்பும்மா. ஞாயித்துக்கிழமை போன் பண்ணு, நான்தான் எடுப்பேன்.
அப்பா