வராத சாவி

நம் காரின் ஸ்பேர் சாவி இன்று பட்டறை மேசைமேல் கிடந்தது. இத்தனை வருடம் என் கைப்பையிலேயே கிடந்ததில் தலைவலித் தைல வாசனை அதில் ஏறிப்போயிருக்கிறது. எடுத்து முகர்ந்தேன். மெக்கானிக் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கடைசி மழையில் விழுப்புரத்துத் தெருத் தண்ணீர் காருக்குள் புகுந்து, இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி போய்விட்டது. போன மாதமே புதுசு மாட்டிவிட்டார்கள். அன்றைக்கே அவர் சொன்னார்: “புதுப் பெட்டிக்கு சாவிய அடையாளம் காட்டணும் மா. எத்தினி சாவி இருக்குதோ எல்லாத்தயும் ஒண்ணா எடுத்துக்கினு வாங்க. வராத சாவி அப்பால வண்டிய ஸ்டார்ட் பண்ணாது.”

“ரெண்டு இருக்குதுங்க. இன்னொண்ண எடுத்தார முடியாது.”

“தொலஞ்சி போச்சா?”

“இல்ல. எங்க இருக்குதுன்னு தெரியும்.”



சாவியை உள்ளே விட்டுவிட்டுக் கதவை அடித்துச் சாத்துவதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. திண்டிவனத்திலிருந்து போன் வரும். “கோச்சிக்காத. உள்ள மாட்டிக்கிச்சு.” நான் ஸ்பேர் சாவியோடு பஸ் ஏறி வருவேன். வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தால், நீங்கள் வேப்பமரத்தடியில் மல்லாட்டை கொறித்துக்கொண்டு நிற்பீர்கள். பொட்டலத்தை நீட்டி, “ஜல்தி வந்துட்டியே! இப்டியாவது ஒன்ன கூட்டிக்கினு ஊரு சுத்துறேன் பாரு,” என்பீர்கள். எனக்கு அந்தப் பயணங்கள் பிடித்திருந்தன. ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை.

அந்த மறதிக்காகத்தான் தினமும் காலையில் பையில் சாவியைப் போட்டே சட்டையை உங்களிடம் நீட்டுவேன். கடைசி நாளில் உங்கள் தம்பி வந்து, உங்களுக்குப் போட்டுவிட வெள்ளைச் சட்டை கேட்டார். பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். கொடுத்தது மட்டும்தான் நினைவிருக்கிறது. திண்டிவனம் கல்லறைத் தோட்டத்தில் உங்களை விட்டுவிட்டு வந்து, மூன்றாம் நாள் வீட்டையே புரட்டிச் சாவியைத் தேடினேன். தம்பிதான் சொன்னார்: “நீங்கதான அண்ணி பாக்கெட்ல வெச்சி குடுத்தீங்க? வேணும்னே வெச்சீங்கன்னு எடுக்காம வுட்டுட்டேன்.”

முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அதுவே ஆறுதலாகிவிட்டது. நம் கார் உங்கள் சாவிக்கும் கிளம்பும் என்று நினைத்துக்கொள்வேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் பேச ஆளில்லாத வீட்டில் யாருக்காகப் புத்திசாலியாக இருப்பது?

அதனால்தான் பட்டறைக்குப் போகாமல் வாரம் வாரமாகத் தள்ளினேன். என் சாவியை மட்டும் அடையாளம் காட்டுவது, உங்கள் சாவியை உங்கள் பையிலிருந்து நானே பிடுங்குகிற மாதிரி இருந்தது. காரில்லாமல் ஞாயிறு பூசை முடிந்து உங்கள் கல்லறைக்குப் பஸ்ஸில் வந்தேன். முழங்கால் வலி, நின்றுகொண்டே வர முடியவில்லை. போன இரண்டு ஞாயிறும் உங்களிடம் வரவே இல்லை. சாவியைக் காப்பாற்றப் போய் உங்களைத் தனியாக விட்டுவிட்டேனே என்று நேற்று வீட்டில் உட்கார்ந்து அழுதேன். இன்று காலை பட்டறைக்குப் போனேன்.

மெக்கானிக் காரில் ஒயரைச் செருகி, மடிக்கணினியில் ஏதோ தட்டினார். என் சாவியைப் போட்டுத் திருப்பினார். மீட்டர் பக்கம் மின்னிக்கொண்டிருந்த சின்ன விளக்கு அணைந்தது. இன்ஜின் கிளம்பிவிட்டது. 

“அந்த இன்னொரு சாவி இனிமே எதுக்குமே ஆவாதா?” என்று கேட்டேன்.

“ஸ்டார்ட்டுதான் ஆவாது மா. கதவத் தெறக்கும். பூட்டு பழசுதான?”

நான் சிரித்துவிட்டேன். எத்தனை நாளாயிற்று. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “புதுசா ஒரு ஸ்பேர் சாவி போட்டுக் குடுக்கட்டுமா?” என்றார்.

“வேணாங்க. இதுதான் ஸ்பேரு.”

வருகிற ஞாயிறு காரிலேயே வருகிறேன். நான் வர நேரமானால் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துகொள்ளுங்கள். அதற்கு உங்கள் சாவி போதும். வண்டியைக் கிளப்ப மட்டும் நான் வரவேண்டும். எப்போதும் அப்படித்தானே? சாவி என் கைப்பையில் இருக்கிறது.