கஸ்டர்டு வென்ற வாக்கெடுப்பு

அன்புக்கும் அச்சத்துக்கும் உரிய டோரீன்,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இனி எழுதப்போவதை நம் பாதிரியார்கூட நம்ப மாட்டார், சத்தியமாகச் சொல்கிறேன்.

வட கடலின் இந்த எண்ணெய் மேடையில் ஞாயிறு மாலை போர் மூண்டது. விட்பியில் நம் வீட்டில் நீ நம் துப்பறியும் நகைச்சுவைத் தொடரைப் பார்க்க உட்காரும் அதே நேரத்தில், இங்கே இருக்கும் ஒரே டிவியில் இவர்களுக்குக் கால்பந்து வேண்டுமாம்!

"அந்த இன்ஸ்பெக்டரால சொந்த மூக்கையே கண்டுபிடிக்க முடியாதுய்யா!" என்று எண்ணெய்க்குத் துளைபோடும் ஃபெர்கஸ் கத்தினான்.

"அதுதாண்டா சிரிப்பே!" என்று நான் முழங்கினேன். கடல் பின்வாங்கியது. திமிங்கிலங்கள் எழுந்து நின்று வாலைத் தட்டின.

கை தூக்கி வாக்கெடுத்தார்கள். தோற்கிறேன் என்று தெரிந்ததும் சமையல்காரனின் கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"தொடர் இல்லேன்னா, ராத்திரி இனிப்பு ஆப்பிள் கிரம்பிளுக்கு மேல ஊத்தக் கஸ்டர்டும் இல்ல."

எல்லாக் கைகளும் என் பக்கம் உயர்ந்தன.

"கஸ்டர்டுல கை வைக்கிறியே வில்ஃப், நீயெல்லாம் மனுசனா?" என்றான் ஃபெர்கஸ். பிறகு அவன் சிரித்த சிரிப்பில் மேடையே ஒரு முழம் நகர்ந்தது.

கம்பளிக் காலுறை அனுப்பு. தொடரில் கொலைகாரன் யாரென்று நீ நினைத்தாய் என்பதையும் எழுது. தபால் எடுத்துப்போகும் ஹெலிகாப்டர் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

திமிங்கிலங்கள் பொய். ஆனால் இன்ஸ்பெக்டர் குளத்தில் விழுந்தபோது, உன்னிடம் சொல்லப் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். அது மட்டும் உண்மை.

உன் வில்ஃப்