சிவப்பு நூல் போட்ட சட்டை

லண்டன்
14.03.2025

அன்பின் தயாளினிக்கு,

இறைவன் துணையால் நான் நலம். உன் முழங்கால் நோ எப்படி? போனில் சொல்ல முகம் இல்லாமல் எழுதுகிறேன். இடையில் கிழித்துப் போடாமல் முழுக்க வாசி.

போன கிழமை மகள் பஸ்னா என்னை ஒரு நூதனசாலைக்குக் கூட்டிப்போனாள். சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் வந்த உடுப்புகளும் செட்டுகளும் வைத்திருக்கும் இடம். "உம்மா, நீங்க வேலை செஞ்ச நாடகமும் இருக்காம்" என்றாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நம் துறைமுகத்தில் வெள்ளைக்காரர் எடுத்தார்களே, அதுதான். அவர்கள் கட்டிய மீன்வாடிக் கொட்டில் அப்படியே நிற்கிறது. கிட்டப் போனால் துருவெல்லாம் பெயின்ட். சிரித்துக்கொண்டே திரும்பினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் உன் சிவரூபனின் நீலச் சட்டை இருந்தது.

பொக்கற் ஓரத்தில் நீ போட்ட சிவப்பு நூல். கீழே உன் மாமி தைத்த வெள்ளைப் பொத்தான். புதுச் சட்டையைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து, உரசித் தேய்த்துப் பழசாக்கியது என்று அட்டையில் எழுதியிருக்கிறார்கள்.

தயா, அதை எடுத்தது நான்தான். நாடகக்காரர் பழசாக்கச் சொல்லித் தந்த சட்டையை அன்று புளீச்சில் போட்டுப் பாழாக்கிவிட்டேன். வேலை போய்விடும் என்று பயம். நம் தையல் அறை அலுமாரியில் இருந்த இந்தச் சட்டையை ஒரு நாளைக்குத்தானே என்று கொடுத்தேன். அன்று பின்னேரமே எல்லா உடுப்பையும் பெட்டியில் பூட்டி அனுப்பிவிட்டார்கள்.

கடலுக்குப் போன உன் மனுசன் திரும்பி வருவான் என்று நீ வைத்திருந்த சட்டை. மகன் இனி இல்லை, அந்தியேட்டிக் கிரியையைச் செய்து முடிப்போம் என்று மாமி கேட்டுக்கொண்டே இருந்தா. அதனால் அவதான் கொண்டுபோய்க் கடலில் விட்டா என்று நீ நினைத்தாய். "பத்திரகாளி அறிய நான் எடுக்கேல்ல பிள்ளை" என்று அவ அழுதபோது நான் பக்கத்தில் இருந்தேன். மெசின் மிதிப்பதை நான் நிறுத்தவில்லை.

கட்டைபறிச்சானுக்குப் போய் மாமியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. சட்டையை எப்படியாவது கேட்டு வாங்கி அனுப்புகிறேன்.

மன்னிப்புக் கேட்கும்
ஸுல்பிகா


ஓர்ஸ் ஹில், திருகோணமலை
02.04.2025

ஸுல்பிகாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை.

மாமி தை மாதம் கண்ணை மூடிவிட்டா. "முகத்தையாவது பார்த்திட்டுப் போங்கோ அண்ணி" என்று மச்சாள் சோபனா இரண்டு தரம் ஆள் அனுப்பினாள். நான் போகவில்லை. சத்தியம் பண்ணிப் பொய் சொன்ன மனிசி என்று இருந்துவிட்டேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் புது அரிசி அனுப்புவா. வந்த கையோடு திருப்பி அனுப்புவேன்.

நேற்று உன் கடிதத்தைக் கொண்டுபோய் சோபனாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அம்மா கடைசி மட்டும் இதைத்தான் கதைச்சவ" என்றாள். தேத்தண்ணி தந்தாள். எனக்குக் குடிக்க ஏலாமல் போய்விட்டது.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதி இரண்டு தாளைக் கிழித்தேன். கோபம் இருக்கிறது. ஆனால் நீ எடுத்தது ஒரு சட்டை. அரிசியைத் திருப்பி அனுப்பியது நான்.

சட்டையை அனுப்பாதே. இனி அதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? அந்த அட்டையை மட்டும் மாற்றச் சொல். அது சிவரூபன் உடுத்திப் பழசானது. பொத்தான் தைத்தது அவரின் அம்மா கமலேஸ்வரி. மாமி கேட்ட அந்தியேட்டியை வருகிற அமாவாசைக்குச் செய்கிறேன்.

இனி நீ எழுதவேண்டாம். மனம் வந்தால் நான் எழுதுகிறேன்.

தயாளினி


லண்டன்
19.06.2025

தயா,

எழுதவேண்டாம் என்றாய். இது ஒன்றுக்காக மட்டும்.

நாலு தரம் போய்க் கேட்டேன். அட்டையை மாற்றிவிட்டார்கள். சிவரூபன் பெயரும் மாமியின் பெயரும் இருக்கின்றன. பஸ்னா எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தாள். கேட்காமல் எடுத்துக் கொடுத்தவள் ஸுல்பிகா என்றும் போடச் சொன்னேன். அதையெல்லாம் எழுதுவதில்லை என்றார்கள்.

இதற்குப் பதில் தேவையில்லை. முழங்காலுக்கு எண்ணெய் போட மறக்காதே.

ஸுல்பிகா